வாக்கு எண்ணி முடிந்தும் வழக்கு முடியாதது ஏன்? பிரெக்சிட் பிளவின் பின்னணி

2025 மே 19 அன்று லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் பிரிட்டிஷ் பிரதமர் கியர் ஸ்டார்மரும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லெயனும் ஓர் உடன்பாட்டை அறிவித்தார்கள். பிரிட்டனிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் உணவுப் பொருள்களுக்கான எல்லைச் சோதனைகளைக் குறைப்பதும், ஐரோப்பியப் படகுகள் பிரிட்டிஷ் கடற்பரப்பில் 2038 வரை தொடர்ந்து மீன்பிடிக்க இடம் தருவதும் அதன் முக்கியக் கூறுகள். இறைச்சிச் சான்றிதழையும் மீன்பிடி உரிமையையும் பற்றிய பேச்சு, அன்று மாலைக்குள், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறலாமா என்று பிரிட்டன் வாக்கெடுத்த 2016ஆம் ஆண்டைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது. கன்சர்வேட்டிவ் கட்சியும், வெளியேற்றத்தை வலியுறுத்தும் ரிஃபார்ம் யுகே கட்சியும் இதை மக்கள் தீர்ப்பைக் கைவிட்ட செயலாகச் சாடின. தமக்குள் சுங்க வரியின்றி வணிகம் செய்யும் நாடுகளின் சுங்க ஒன்றியத்தில் சேரும் அளவுக்கு அரசு போகவில்லையே என்று லிபரல் டெமாக்ரட்டுகள் குறைப்பட்டார்கள்.

வாக்கெடுப்பு நடந்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரெக்சிட் எனப்படும் அந்த வெளியேற்றம் நடந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரும்பான்மையின் முடிவைச் சிறுபான்மை ஏற்பதுதானே ஜனநாயகம், பிறகு ஏன் இந்த ஓயாத இழுபறி என்று வெளியிலிருந்து பார்ப்பவர் கேட்பது இயல்பு. தோற்றவர்களின் பிடிவாதம் என்றோ, வென்றவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்றோ சொல்லிவிட்டுப் போவது எளிது. இரண்டுமே போதிய விடையாகாது. எதை விட்டு நீங்குவது என்பதை 2016இல் கேட்கப்பட்ட கேள்வி தீர்மானித்தது. நீங்கி எங்கே போய்ச் சேருவது என்பதை அது யாரிடமும் கேட்கவில்லை. பிளவின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பொதுவாக்கெடுப்பும் அதன் சட்ட வலுவும்

ஒரு குறிப்பிட்ட கேள்வியை நாட்டின் வாக்காளர் அனைவரிடமும் நேரடியாகக் கேட்டு விடை பெறுவது பொதுவாக்கெடுப்பு. இலங்கைத் தமிழில் இதைச் சர்வசன வாக்கெடுப்பு என்பார்கள். முடிவைச் செயல்படுத்தியே ஆக வேண்டும் என்று சட்டமே கட்டளையிட்டால் அது கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு. மக்களின் விருப்பத்தை அறிவதோடு சட்டம் நின்றுவிட்டால் அது ஆலோசனை வாக்கெடுப்பு.

பிரிட்டனுக்கு ஒரே நூலாகத் தொகுக்கப்பட்ட அரசமைப்புச் சட்டம் கிடையாது. நாடாளுமன்றமே இறுதி அதிகாரம் உடையது என்பதே அங்கே அடிப்படை விதி. நாடு முழுவதுக்குமான பொதுவாக்கெடுப்பு இதுவரை மூன்று முறைதான் நடந்திருக்கிறது. 1975இல் ஐரோப்பியச் சமூகத்தில் நீடிக்கலாமா என்று கேட்கப்பட்டது, 67.2 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். 2011இல் தேர்தல் முறையை மாற்றுவது பற்றிக் கேட்கப்பட்டது. மூன்றாவது, 2016 ஜூன் 23. இவற்றில் 2011ஆம் ஆண்டு வாக்கெடுப்புக்கான சட்டத்தில் முடிவைச் செயல்படுத்தும் கடமை எழுதப்பட்டிருந்தது. 2016க்கான சட்டத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. சட்டத்தின் பார்வையில் அது ஆலோசனைதான்.

ஆனால் அரசு மக்களிடம் பேசிய விதம் வேறு. ஒவ்வொரு வீட்டுக்கும் 16 பக்கக் கையேடு ஒன்று அஞ்சலில் போனது. ஒன்றியத்தில் நீடிப்பதே நல்லது என்று வாதிட்ட அந்தக் கையேட்டில், முடிவு உங்களுடையது, நீங்கள் எடுக்கும் முடிவை அரசு நிறைவேற்றும் என்ற உறுதியும் அச்சாகியிருந்தது. சட்டம் ஆலோசனை என்றது. கையேடு ஆணை என்றது. பின்னால் வந்த ஒவ்வொரு சர்ச்சையிலும் ஒரு தரப்பு சட்டத்தைக் கையில் எடுத்தது, மறு தரப்பு கையேட்டை நீட்டியது. இரண்டும் பொய்யில்லை என்பதால்தான் அந்த வாதத்துக்கு முடிவே வரவில்லை.

2016 நவம்பரில் இது வெளிப்படையாக வெடித்தது. வெளியேற்றத்தை முறைப்படி அறிவிக்க உதவும், ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 50ஆம் பிரிவை நாடாளுமன்ற ஒப்புதலின்றி அரசு பயன்படுத்த முடியாது என்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுநாள் டெய்லி மெயில் நாளிதழ் மூன்று நீதிபதிகளின் படங்களை முதல் பக்கத்தில் போட்டு, மக்களின் எதிரிகள் என்று தலைப்பிட்டது. 2017 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் 8க்கு 3 என்ற கணக்கில் அதே தீர்ப்பை உறுதிசெய்தது. நாடாளுமன்றத்தின் அதிகாரத்தை மீட்பதற்காகத்தான் வெளியேற வேண்டும் என்று சொல்லப்பட்ட நாட்டில், அந்த அதிகாரத்தைக் காத்த தீர்ப்பு துரோகமாகப் பார்க்கப்பட்டது. மக்களின் விருப்பம், நாடாளுமன்றத்தின் அதிகாரம் என்ற இரண்டு ஆட்சியுரிமைக் கருத்துகள் நேருக்கு நேர் மோதினால் எது மேல் என்பதை அங்கே யாரும் முன்கூட்டி எழுதிவைக்கவில்லை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

வெளியேற வேண்டும் என்றவர்கள் 1,74,10,742 பேர், அதாவது 51.9 விழுக்காடு. நீடிக்க வேண்டும் என்றவர்கள் 1,61,41,241 பேர், 48.1 விழுக்காடு. வாக்குப்பதிவு 72.2 விழுக்காடு. இவ்வளவு பேர் கலந்துகொண்ட முடிவைச் செல்லாது என்று தள்ள யாராலும் முடியாது. ஒருமித்த தீர்ப்பு என்று கொண்டாடவும் முடியாது.

இந்த மொத்தக் கணக்கு மறைப்பது நிலவரைபடத்தை. இங்கிலாந்தும் வேல்ஸும் வெளியேறு என்றன. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினரும் வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினரும் நீடி என்றார்கள். லிங்கன்ஷயரின் பாஸ்டனில் வெளியேறு தரப்பு 75.6 விழுக்காடு பெற்றது. லண்டனின் லாம்பெத்தில் நீடி தரப்பு 78.6 விழுக்காடு பெற்றது. பாஸ்டன் காய்கறி விளையும் சமவெளியிலுள்ள சிறு நகரம். ஒன்றியம் கிழக்கே விரிந்த 2004க்குப் பின் போலந்து, லிதுவேனியா, லாட்வியா நாடுகளிலிருந்து வயல் வேலைக்கும் பொதிகட்டும் கூடங்களுக்கும் வந்தவர்களால் சில ஆண்டுகளிலேயே அதன் கடைவீதியின் முகம் மாறியது. வாடகையும் மருத்துவமனை வரிசையும் கூடியதை அந்த ஊர்க்காரர் கண்ணால் கண்டார். மலிவான உழைப்பின் பலன் பேரங்காடிகளுக்கும் பெருநகரங்களுக்கும் போனதாக அவருக்குத் தோன்றியது. இந்த மனக்குறையை அறியாமை என்று ஒதுக்கியது நீடி தரப்பு செய்த பெரும் பிழைகளில் ஒன்று என்பது என் கருத்து.

வயதும் கல்வியும் பிளவை ஆழமாக்கின. வாக்களித்துவிட்டு வந்தோரிடம் எடுக்கப்பட்ட பெரிய கணிப்பு ஒன்றில் 18 முதல் 24 வயதினரில் 73 விழுக்காட்டினர் நீடி என்றும், 65 வயதுக்கு மேற்பட்டோரில் 60 விழுக்காட்டினர் வெளியேறு என்றும் வாக்களித்ததாகத் தெரிந்தது. ஒரே வீட்டில் தாத்தா ஒரு பக்கம், பேத்தி ஒரு பக்கம். முடிவுடன் நெடுங்காலம் வாழப்போகிறவள் தோற்ற தரப்பில் இருந்தாள்.

தோற்றவர் இசைவு

அரசியல் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஒரு கருத்து இங்கே உதவும்: தோற்றவர் இசைவு. தேர்தலில் வென்றவர் முடிவை ஏற்பதில் வியப்பில்லை. தோற்றவரும் அதை முறையான முடிவு என்று ஏற்கும்போதுதான் ஓர் ஆட்சிமுறை நிலைக்கிறது. அந்த இசைவு தானாக வருவதில்லை. அதற்குக் குறைந்தது மூன்று நிபந்தனைகள் வேண்டும்.

1. ஆட்ட விதிகள் நேர்மையானவை என்று இரு தரப்பும் நம்ப வேண்டும்.

பிரெக்சிட்டில் இந்த நம்பிக்கை இரு பக்கமும் ஆட்டம் கண்டது. வாரத்துக்கு 35 கோடி பவுண்டை ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம் என்ற வாசகம் வெளியேறு பிரசாரத்தின் சிவப்புப் பேருந்தில் எழுதப்பட்டிருந்தது. பிரிட்டனுக்கு உரிய தள்ளுபடியைக் கழிக்காத தொகை அது. நாட்டின் புள்ளிவிவர ஆணையமே அதை மக்களைத் தவறாக வழிநடத்துவது என்று கண்டித்தது. செலவு வரம்பை மீறியதற்காக வெளியேறு தரப்பின் அதிகாரபூர்வ பிரசார அமைப்புக்குத் தேர்தல் ஆணையம் 2018இல் 61,000 பவுண்டு அபராதம் விதித்தது. மறுபுறம், 93 லட்சம் பவுண்டு அரசுப் பணத்தில் நீடி தரப்புக்கு ஆதரவான கையேடு அச்சிடப்பட்டதை வெளியேறு தரப்பு மறக்கவில்லை. வெளியேற வாக்களித்தாலே நாடு மந்தநிலைக்குள் விழும் என்று கருவூலம் எச்சரித்ததும், அப்படி உடனே எதுவும் நடக்காததும் அவர்கள் நினைவில் பதிந்தன.

யார் வாக்களிக்கலாம் என்பதும் வாதத்துக்கு இடம் தந்தது. 2014 ஸ்காட்லாந்து வாக்கெடுப்பில் 16 வயதினருக்கு வாக்கு இருந்தது, 2016இல் இல்லை. அயர்லாந்து, மால்டா, சைப்பிரஸ் தவிர்த்த ஐரோப்பிய நாடுகளின் குடிமக்கள், பிரிட்டனில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருந்தாலும் வாக்களிக்க முடியாது. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களோ விசாவுடன் அங்கே வசித்தாலே வாக்காளர்கள். இதன் விளைவைத் தமிழர் நடுவே தெளிவாகக் காணலாம். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போய் நெதர்லாந்து குடியுரிமை பெற்று, பிறகு லண்டனுக்குக் குடிபெயர்ந்து பிள்ளைகளை வளர்த்தவருக்கு வாக்கில்லை; அவருடைய வாழ்வுரிமையே அந்த வாக்கெடுப்பில்தான் தொங்கியது. மதுரையிலிருந்து ஓராண்டுப் படிப்புக்கு வந்த மாணவருக்கு, பட்டியலில் பெயர் பதிந்திருந்தால், வாக்கு இருந்தது.

2. எதற்கு வாக்களித்தோம் என்பது முன்பே தெளிவாக இருக்க வேண்டும்.

மூன்றிலும் கனமானது இதுவே. அயர்லாந்துடன் ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். 1995 நவம்பர் 24 அன்று அங்கே மணமுறிவுக்கான தடையை நீக்குவது பற்றி வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 50.28 விழுக்காடு. நாடு முழுவதும் வெறும் 9,114 வாக்கு வித்தியாசம். பிரெக்சிட்டைவிட மிகக் குறுகிய வெற்றி. திருச்சபையையும் குடும்பத்தையும் தொட்ட, அதைவிடச் சூடான விவாதம். வழக்கும் போடப்பட்டது, தள்ளுபடியும் ஆனது. 1997இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது, சண்டையும் அடங்கியது. 2019இல் விதிகளை மேலும் தளர்த்தக் கேட்டபோது 82 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள்.

அங்கே என்ன வேறுபாடு? தம்பதியர் முந்தைய ஐந்து ஆண்டுகளில் நான்கு ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பது உட்பட, அரசமைப்பில் சேரப்போகும் வாசகமே வாக்காளர் முன் இருந்தது. வென்ற மறுநாள் அதன் பொருளைப் பற்றி யாரும் வாதிட வேண்டியிருக்கவில்லை. பிரிட்டனின் வாக்குச்சீட்டில் இருந்தவை இரண்டு கட்டங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராக நீடிக்கலாம், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறலாம். முதல் கட்டத்தின் பொருள் எல்லோருக்கும் தெரியும், அது அன்றைய நிலை. இரண்டாவது கட்டத்துக்குள் நார்வேயைப் போல, பொருளும் ஆட்களும் பணமும் தடையின்றிப் போய்வரும் ஒற்றைச் சந்தைக்குள் இருப்பதும், துருக்கியைப் போலச் சுங்க ஒன்றியத்தில் மட்டும் இருப்பதும், கனடாவைப் போல வணிக ஒப்பந்தம் போடுவதும், எந்த ஒப்பந்தமும் இல்லாமல் போவதும் ஒன்றாக அடைபட்டிருந்தன. வெளியேறும் முடிவு வந்தால் என்ன செய்வது என்பதற்கான திட்டத்தைத் தயாரிக்க வேண்டாம் என்று அன்றைய பிரதமர் டேவிட் கேமரனின் அரசு அதிகாரிகளிடம் சொல்லியிருந்தது. நாடாளுமன்ற வெளியுறவுக் குழு 2016 ஜூலையில் இதைக் கடும் அலட்சியம் என்று குறித்தது. அந்தச் சொல் மிகையில்லை. கேள்வியைக் கேட்கும் பொறுப்பு யாருக்கு இருந்ததோ, இரண்டு விடைகளுக்கும் தயாராக இருக்கும் பொறுப்பும் அவர்களுக்கே இருந்தது.

3. தோற்றவருக்கு இன்னொரு முறை வாய்ப்பு இருக்க வேண்டும்.

பொதுத்தேர்தலில் தோற்றவர் ஐந்து ஆண்டுகளில் மீண்டும் களம் இறங்கலாம். பொதுவாக்கெடுப்பில் அப்படியோர் உறுதி இல்லை. ஆகவே தோற்றவர் முடிவு செயலாகும்முன்பே தடுக்கப் பார்க்கிறார். வென்றவர் அது நழுவிவிடுமோ என்று அஞ்சி அவசரப்படுகிறார்.

2019: எல்லா வழிகளும் தோற்ற நாடாளுமன்றம்

கேமரனுக்குப் பின் பிரதமரான தெரசா மே கொண்டுவந்த வெளியேற்ற ஒப்பந்தத்தை 2019 ஜனவரி 15 அன்று மக்களவை 432க்கு 202 என்ற கணக்கில் நிராகரித்தது. மேலும் இருமுறை வாக்குக்கு விடப்பட்டு இருமுறையும் தோற்றது. எந்த வழிக்காவது ஆதரவு இருக்கிறதா என்று பார்க்க மார்ச் 27 அன்று உறுப்பினர்களிடம் ஒரு தாள் தரப்பட்டது. அதில் எட்டு வழிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆம் அல்லது இல்லை என்று குறிக்கலாம். எத்தனை வழிகளுக்கு வேண்டுமானாலும் ஆம் சொல்லலாம். எட்டும் தோற்றன.

ஏப்ரல் 1 அன்று நான்கு வழிகளுடன் மீண்டும் முயன்றார்கள். சுங்க ஒன்றியத்தில் தொடரும் வழி 273க்கு 276 என்று மூன்றே வாக்கில் தோற்றது. மக்களிடம் மறுபடியும் கேட்கும் யோசனை 280க்கு 292 என்று தோற்றது. ஒற்றைச் சந்தைக்குள் இருந்தபடி வெளியேறும் சமரசத்தை முன்வைத்த கன்சர்வேட்டிவ் உறுப்பினர் நிக் போல்ஸ், முடிவு அறிவிக்கப்பட்டதும் எழுந்தார். தம் கட்சி சமரசத்துக்கு மறுப்பதாகவும், இனி அந்தக் கட்சியின் உறுப்பினராக அமரப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டு அவையை விட்டு வெளியே நடந்தார்.

ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியே பெரும்பான்மை எதிர்ப்பு எப்படி வரும்? 52 விழுக்காடு என்பது ஒரே கருத்தின் எண்ணிக்கை இல்லை, பல கருத்துகள் கூடிய கூட்டு. அந்தக் கூட்டில் எந்த ஒரு வழியைத் தேர்ந்தாலும் மற்ற வழிக்காரர் விலகிவிடுவார்கள். மிஞ்சுவது 48ஐவிடக் குறையும். 48இன் பக்கம் போனாலோ, 52 பேர் வேண்டாம் என்றது அது. பெரும்பான்மைகள் இப்படி ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளக்கூடும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே 1785லேயே கணிதமாகக் காட்டியிருந்தார். முழு முறிவை விரும்பியவர்கள் மேயின் ஒப்பந்தத்தைத் தோற்கடித்தால் இன்னும் கடுமையான வெளியேற்றம் கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள். மறுவாக்கெடுப்பை விரும்பியவர்களில் பலர் நடுவழியைத் தோற்கடித்தால் பிரெக்சிட்டே நின்றுவிடும் என்று கணக்கிட்டார்கள். இடையில் இருந்த மூன்று வாக்கு தூரத்தை இருவருமே கடக்கவில்லை. பெரும்பாலான மக்கள் பொறுத்துக்கொண்டிருக்கக்கூடிய ஒரு தீர்வு அன்றிரவு கைநழுவியதாகவே நான் கருதுகிறேன்.

அந்த ஆண்டு டிசம்பர் 12 தேர்தலில், மேக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சன் 43.6 விழுக்காடு வாக்குடன் 365 இடங்கள் பெற்றார். 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது. ஒற்றைச் சந்தையும் சுங்க ஒன்றியமும் இல்லாத வெளியேற்றம் அது. அந்த வடிவத்தை மட்டும் தனியே வைத்து மக்களிடம் ஒருபோதும் வாக்கெடுக்கவில்லை.

வட அயர்லாந்து: மூன்று வாக்குறுதிகளின் முடிச்சு

பிளவு வெறும் கருத்தாக நில்லாமல் கடைத்தட்டில் பொருளாக நிற்கும் இடம் வட அயர்லாந்து. அங்கே அரசு அளித்த வாக்குறுதிகள் மூன்று.

1. பிரிட்டன் முழுவதும் ஒற்றைச் சந்தையிலிருந்தும் சுங்க ஒன்றியத்திலிருந்தும் வெளியேறும்.
2. வட அயர்லாந்தின் நெடிய வன்முறையை முடித்த 1998 பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கை தந்த அமைதியைக் காக்க, ஒன்றியத்தில் நீடிக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையே சுமார் 500 கிலோமீட்டர் நீளும் நில எல்லையில் சோதனைச் சாவடிகள் வராது.
3. பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையிலும் எந்த எல்லையும் வராது.

இரண்டு சந்தைகள் சந்திக்கும் இடத்தில் எங்காவது சோதனை நடந்தாக வேண்டும். ஆகையால் மூன்றில் இரண்டைத்தான் ஒருசேரக் காக்க முடியும். ஜான்சன் அரசு மூன்றாவதை விட்டுக்கொடுத்தது. சோதனை அயர்லாந்துக் கடலுக்கு நகர்ந்தது. பிரிட்டனோடு இணைந்திருப்பதையே அடையாளமாகக் கொண்ட ஜனநாயக ஒன்றியவாதக் கட்சி, பிரெக்சிட்டை ஆதரித்த அதே கட்சி, இதை எதிர்த்து 2022 பிப்ரவரியில் வட அயர்லாந்து ஆட்சியிலிருந்து விலகியது. இரண்டு ஆண்டுகள் அங்கே முழுமையான அரசே இல்லை. 2023 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் ரிஷி சுனக் முடித்த விண்ட்சர் ஏற்பாடு சோதனைகளைக் குறைத்தது. அதற்கு ஈடாக, பிரிட்டனிலிருந்து போகும் இறைச்சி, பால் பொதிகளில் இது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உரியதன்று என்ற முத்திரை ஏறியது. பெல்ஃபாஸ்டில் அப்படி வந்த ஒரு பால் புட்டியை எடுப்பவர் விரலருகே அந்த முத்திரை இன்றும் இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் மனக்குறை வேறு வகை. 2014இல் தனிநாட்டுக் கோரிக்கையை 55 விழுக்காட்டினர் நிராகரித்தபோது, பிரிட்டனில் இருந்தால்தான் ஐரோப்பாவில் நீடிக்கலாம் என்பது ஒரு முக்கிய வாதமாக இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அது பொய்த்தது. மறுவாக்கெடுப்பை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தானாக நடத்த முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விளைவுகளையும் இரு விதமாகவே படிக்கிறார்கள்

காலம் போனால் உண்மைகளே தீர்ப்புச் சொல்லிவிடும் என்ற எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை. ஒன்றியத்தில் நீடித்திருந்தால் இருந்திருக்கும் அளவைவிட நாட்டின் உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 விழுக்காடு குறைவாக இருக்கும் என்று அரசின் நிதிநிலைப் பொறுப்பு அலுவலகம் கணித்திருக்கிறது. நீடி தரப்புக்கு இது சான்று. வெளியேறு தரப்பினரோ, கொரோனாவையும் உக்ரைன் போரையும் சுட்டி, கிடைத்த சுதந்திரத்தை அரசுகள் பயன்படுத்தவில்லை என்கிறார்கள். குடியேற்றத்தைக் குறைக்க வாக்களித்தவர்கள் கண்டது, ஐரோப்பியர் வருகை குறைந்து, இந்தியா, நைஜீரியா முதலிய நாடுகளிலிருந்து வருவோர் பெருகி, 2023இல் நிகரக் குடியேற்றம் ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தாண்டியதை. தோற்றவர் மட்டுமின்றி வென்றவரும் ஏமாற்றப்பட்டதாக உணரும் அரிய நிலை இது. ரிஃபார்ம் யுகே 2024 தேர்தலில் 14 விழுக்காடு வாக்குப் பெற்றதில் அந்த உணர்வுக்குப் பங்குண்டு.

வெளியேறியது தவறு என்போரே கூடுதல் என்று சில ஆண்டுகளாகவே கருத்துக்கணிப்புகள் காட்டுகின்றன. ஆனால் தவறு என்பவர் எல்லோரும் மீண்டும் சேரவே விரும்புகிறார்கள் என்று கொள்ள முடியாது. மீண்டும் சேர்வது என்றால் பழைய தள்ளுபடியுடனா, ஆட்களின் தடையற்ற வருகையை ஏற்றா, யூரோ நாணயத்தையும் ஏற்றா என்ற கேள்விகள் எழும். 2016இல் வெளியேறு என்ற சொல் எப்படிப் பல வழிகளை அடக்கியிருந்ததோ, இன்று சேர் என்ற சொல் அப்படி இருக்கிறது.

நியூசிலாந்து இதற்கு ஒரு நடைமுறை விடை கண்டிருந்தது. தேர்தல் முறையை மாற்றலாமா என்ற கேள்வியை அது ஒரே நாளில் முடிக்கவில்லை. 1992இல் மாற்றம் வேண்டுமா, வேண்டுமென்றால் நான்கு முறைகளில் எது என்று கேட்டார்கள். மக்கள் தேர்ந்த முறையைச் சட்டமாக எழுதிவைத்து, 1993இல் பழையது வேண்டுமா, இது வேண்டுமா என்று மறுபடி கேட்டார்கள். புதிய முறை 53.9 விழுக்காடு பெற்றது. 2011இல் மூன்றாம் முறையும் கேட்டு, அதே முறை 57.8 விழுக்காட்டுடன் நிலைத்தது. 1993இன் வெற்றி வித்தியாசம் பிரெக்சிட்டைவிட மிகப் பெரிதில்லை. ஒவ்வொரு படியிலும் எதைத் தேர்கிறோம் என்பது வாக்காளருக்குத் தெரிந்திருந்தது.

பிரிட்டனில் அப்படி மீண்டும் கேட்கும் ஏற்பாடு இன்று ஓர் இடத்தில் மட்டும் சட்டத்தில் உள்ளது. வட அயர்லாந்துச் சட்டமன்றம் தன் வணிக ஏற்பாடுகளைத் தொடரலாமா என்று குறித்த காலத்துக்கு ஒருமுறை வாக்களிக்க வேண்டும். 2024 டிசம்பர் 10 அன்று நடந்த முதல் வாக்கெடுப்பில் 48 பேர் ஆதரித்தார்கள், 36 பேர் எதிர்த்தார்கள். ஒன்றியவாதிகள் எதிர்த்து வாக்களித்ததால், அவர்களும் அயர்லாந்துடன் இணைய விரும்பும் தேசியவாதிகளுமான இரு சமூகங்களின் ஒப்புதலும் ஒருசேரக் கிடைக்கவில்லை; அதனால் எட்டு ஆண்டு நீட்டிப்புக்குப் பதில் நான்கு ஆண்டு நீட்டிப்பே கிடைத்தது. அடுத்த வாக்கெடுப்பு 2028இல் வரும்.